வீடியோவில் நெல் பொன்னாகத்தான் தெரிந்தது

எங்கள் அரிசி ஆலையில் என்னை இன்னும் ‘கம்ப்யூட்டர் பையன்’ என்றுதான் சொல்வார்கள். வயது நாற்பத்தொன்று, தலை பாதி நரைத்துவிட்டது. மன்னார்குடியில் ஆபீஸ், ஊருக்கு வெளியே ஆலை, அப்புறம் அறுப்புக் காலத்தில் மட்டும் உயிர் வரும் கொள்முதல் கொட்டகைகள் கோட்டூர், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, தோப்புத்துறை என்று நான்கு. எல்லாரையும் சேர்த்தால் நாற்பது பேர் தேறுவார்கள். இந்த நாற்பது பேரும் தங்களுக்குள் பேசிக்கொள்ள எதை வைப்பது என்ற ஒரு கேள்வியோடு நான் ஒன்றரை வருடம் மல்லுக்கட்டினேன். நடுவில் ஓர் இடத்தில் தடுக்கி விழுந்ததில் கொஞ்சம் காசும் போனது. முதலாளி அந்தக் காசை அந்த வருடமே மறந்துவிட்டார். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

ஆரம்பம் உங்களுக்கும் நினைவிருக்கும். 2021 அக்டோபர் 4, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப் நின்றுபோனது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாம் சேர்த்து உலகம் முழுக்க ஆறு மணி நேரம் போலப் படுத்துக் கிடந்த ராத்திரி அது. ஊரில் மற்றவர்கள் தூங்கப் போயிருப்பார்கள். எங்களுக்குக் குறுவை வந்து இறங்கும் நேரம். ஆலை வாசலில் மூன்று லாரி நிற்கிறது. கொட்டகையிலிருந்து எடைச்சீட்டின் படம் வந்தால்தான் இறக்குவது வழக்கம், படம் வரவில்லை. ஒவ்வொருவரும் தன் போன்தான் கெட்டுவிட்டது என்று அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தோப்புத்துறைக் கொட்டகை அக்கா நெட் தீர்ந்துபோச்சு என்று நினைத்து இரண்டாவது தடவை ரீசார்ஜே பண்ணிவிட்டார். காலையில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, “நெல்லு நம்மளது, லாரி நம்மளது. எவனோ எங்கியோ சுவிட்ச அணைச்சா நாம நிக்கணுமாப்பா?” என்றார்.

அதே மாதம் இன்னொன்றும் நடந்தது. வேலையை விட்டுப்போன ஒரு எழுத்தர் இரண்டு மாதமாக எங்கள் விலை குரூப்பிலேயே இருந்திருக்கிறார். போனது இன்னொரு வியாபாரியிடம். நீக்கலாம் என்று பார்த்தால் அந்த குரூப்புக்கு அட்மினே அவர்தான். விவசாயிகளின் ஆதார் அட்டைப் படமும் பாஸ்புக் முதல் பக்கமும் நூற்றுக்கணக்கில் அவர் போனில் கிடந்தன. இப்போதும் கிடக்கலாம். அப்போது அதைப் பற்றி யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. 2023 ஆகஸ்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் ஆடிட்டரே அதையெல்லாம் கேட்க ஆரம்பித்தார்.

குத்தகை நிலம்

சரி, வாட்ஸ்அப் மாதிரி ஒன்றைச் சொந்த சர்வரில், அதாவது செய்திகளை வாங்கி அனுப்பும் நம் சொந்தக் கம்ப்யூட்டரில், நிறுவிவிடுவோம் என்று இறங்கினேன். எங்கள் ஆட்களில் யாரும் அரட்டைக்காக ஒரு மென்பொருள் தேடியதில்லை. தேடியது நான். அதனால் பட்டியலும் என் ஆசைப்படியே வளர்ந்தது. எக்செல்லில் இருபத்து மூன்று வரிசை: குரல், வீடியோ, கோப்பு, தேடல், குறியாக்கம், கைபேசிச் செயலி, பேக்கப், இப்படி. மேட்டர்மோஸ்ட், ராக்கெட்.சாட் இரண்டும் மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு ஏற்றவை என்று பட்டது. ஜூலிப் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு தலைப்பு கொடுத்து எழுதும் முறை, கணக்குப் பார்க்கிறவனுக்கு அமிர்தம். ஆனால் கோட்டூரில் சாக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒருவர் ‘லாரி கிளம்பிருச்சு’ என்று சொல்வதற்கு முன் அதற்குத் தலைப்பு யோசிப்பாரா? எக்ஸ்எம்பிபி என்கிற பழைய செய்தி அனுப்பும் முறையின் வழியில் போகலாமா என்றும் பார்த்தேன். வாட்ஸ்அப்பே ஆரம்பத்தில் ஈஜாபர்டி என்ற எக்ஸ்எம்பிபி சர்வரை மாற்றியமைத்துக் கிளம்பியதுதான். கடைசியில் மேட்ரிக்ஸ் என்று முடிவு செய்தேன், யார் வேண்டுமானாலும் தன் சர்வரில் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு பொது அரட்டை முறை. சர்வருக்கு சினாப்ஸ், போனுக்கு எலிமென்ட், கூட்டமாகப் பேச ஜிட்சி மீட். பிரெஞ்சு அரசு தன் ஊழியர்களுக்கு இதே மேட்ரிக்ஸை வைத்துத்தான் ‘ச்சாப்’ என்று ஒன்றை நடத்துகிறது என்று முதலாளியிடம் சொன்னேன். “அவங்க நெல்லு வாங்குறாங்களா?” என்று கேட்டார்.

முதலில் ஆபீசிலேயே ஒரு பழைய கம்ப்யூட்டரில் நிறுவினேன். உள்ளே வேலை செய்தது, வெளியிலிருந்து எட்டவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு ரவுட்டரைத் திறந்து பார்த்தால், நெட் கம்பெனி எங்களுக்குக் கொடுத்திருந்த இணைய முகவரி 100.72 என்று தொடங்குகிறது. 100.64 முதல் 100.127 வரையுள்ள முகவரிகள் 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை: நிறைய வீடுகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் அடைத்துவைக்கும் ஏற்பாடு. நம் பக்கம் தெரிந்தவர்களுக்கு இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். வயலுக்கு வயல் பாய்கிற தண்ணீர் மாதிரி இது. நம் வயலுக்கென்று தனி வாய்க்கால் இல்லை, மேல்வயல்காரர் விட்டால் வரும். உள்ளேயிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து யாரும் நம்மைத் தேடிக்கொண்டு வர முடியாது. மாதம் கூடுதலாகக் கட்டி நிலையான முகவரி ஒன்று வாங்கினேன். அடுத்த வாரமே பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே இன்வெர்ட்டர் கைவிரித்துவிட்டது.

ஆக மும்பையில் இருக்கிற ஒரு சர்வரை மாத வாடகைக்கு எடுத்தேன். 4 ஜிபி நினைவகம், எங்களுக்குப் போதும். இதற்குப் பெயர் சொந்த சர்வரா என்று எனக்கே சந்தேகம்தான். கணக்குப்பிள்ளை ஐயாவிடம் விளக்கியபோது அவர் ஒரு நொடியில் பிடித்துக்கொண்டார். “குத்தகை நிலம்னு சொல்லு. மண்ணு அவனோடது, பயிரு நம்மளது.” அதற்கு மேல் நான் படித்த எந்தக் கட்டுரையும் தெளிவாகச் சொல்லவில்லை. குத்தகைக்காரனுக்கு உள்ள பயமும் கூடவே வந்தது. மண்ணுக்காரன் நினைத்தால் வரப்பில் நின்று பயிரைப் பார்க்கலாம். இன்னொரு விஷயம், சர்வர் நம்முடையதாக இருந்தாலும் ‘டிங்’ என்று போன் ஒலிக்க வேண்டுமானால் ஆண்ட்ராய்டில் அந்த அறிவிப்பு பெரும்பாலும் கூகுள் வழியாகத்தான் வந்தாக வேண்டும். சொந்தக் கிணறு தோண்டினாலும் கயிறு வெளியூர்க் கடையில்தான் வாங்கவேண்டியிருக்கிறது.

அந்த ‘டிங்’ பாதிப் பேருக்கு ஒலிக்கவே இல்லை என்பது தனிக் கதை. மலிவு விலை போன்களில் பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னணியில் ஓடும் செயலிகளைக் கொன்றுவிடுகிற வழக்கம் உண்டு. வாட்ஸ்அப்பை மட்டும் தொடமாட்டான், அதற்கு சலுகை. நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நான்கு கொட்டகைக்கும் போய் ஒவ்வொரு போனாக வாங்கி, செட்டிங்ஸில் நுழைந்து, எலிமென்ட்டுக்குக் கட்டுப்பாடு வேண்டாம் என்று மாற்றினேன். முப்பத்தோரு போன். ஒவ்வொரு கம்பெனிக்காரனும் அந்தப் பொத்தானை ஒவ்வொரு இடத்தில் ஒளித்துவைத்திருக்கிறான்.

சாவி தொலைந்த நாள்

பெயர் வைப்பதிலும் ஒரு பாடம். வாட்ஸ்அப்பில் நம் எண்தான் நம் பெயர். மேட்ரிக்ஸில் எல்லாருக்கும் ஒரு பெயர், அதன் வாலில் சர்வரின் பெயர். சினாப்ஸில் அந்த சர்வர் பெயரை நிறுவும்போது என்ன கொடுக்கிறோமோ அதுதான், பிற்பாடு மாற்ற முடியாது. நான் சோதனைக்காக ஒரு கிறுக்குப் பெயரைக் கொடுத்துவைத்து, ஆட்களையும் சேர்த்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப நிறுவினேன்.

குறியாக்கம் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது. எல்லா அறைகளிலும் (வாட்ஸ்அப்பில் குரூப் என்பது இங்கே அறை) அதைப் போட்டுவிட்டேன். அனுப்புகிறவர் போனிலும் பெறுகிறவர் போனிலும் தவிர வேறெங்கும் திறக்காது, மண்ணுக்காரன் பார்த்தாலும் ஒன்றும் புரியாது என்று பெருமை. முத்துப்பேட்டை எழுத்தரின் போன் ஒரு நாள் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. புதுப் போன் வாங்கி, நுழைந்து பார்த்தால், மூன்று வார எடைச்சீட்டுகள் இருந்த இடத்தில் ‘இந்தச் செய்தியைத் திறக்க முடியவில்லை’ என்று வரிசையாக நிற்கிறது. மீட்புச் சாவி என்று ஒன்றை ஆரம்பத்தில் எழுதிவைத்துக்கொள்ளச் சொன்னது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். “எதோ இங்கிலீஷ்ல நீளமா வந்துச்சுண்ணே, ஓகே குடுத்துட்டேன்” என்றார். தப்பு அவர்மேல் இல்லை. நாற்பத்தெட்டு எழுத்துள்ள ஒரு சாவியை அறுப்பு நடுவில் எழுதிவைப்பார் என்று நம்பியது நான்.

குறியாக்கத்தை எடுத்துவிடலாம் என்றால் அதுவும் முடியாது. மேட்ரிக்ஸில் ஓர் அறைக்கு ஒருமுறை போட்டால் போட்டதுதான். புதிதாக அறைகள் திறந்து எல்லாரையும் அங்கே நகர்த்தினேன். சீட்டு, லாரி, சரக்குப் படம் இவற்றுக்குக் குறியாக்கம் இல்லாத அறைகள். முதலாளியும் கணக்குப்பிள்ளையும் நானும் இருக்கும் அறை, விவசாயிகளின் ஆவணம் போகும் அறை, இரண்டில் மட்டும் குறியாக்கம். பாதுகாப்பில் கறாரான நண்பர் ஒருவர் இதற்காக என்னைத் திட்டினார். அவர் சொல்வது தத்துவத்தில் சரி. ஆனால் மூன்று வாரச் சீட்டு திறக்காமல் கிடக்கும்போது விவசாயிக்குக் காசு கொடுப்பது நானா, தத்துவமா?

2023 பிப்ரவரி

இப்போது அந்த இடத்துக்கு வருகிறேன்.

முதலாளிக்கு வீடியோ மீது ஒரு மயக்கம் உண்டு. எனக்கும் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். திங்கட்கிழமை காலை ஜிட்சியில் எட்டு முகம் கட்டம் கட்டமாகத் தெரிவதைப் பார்த்தால் ஏதோ பெரிய கம்பெனி மாதிரி இருக்கும். எங்களிடம் நெல் பார்க்கிற ஐயா ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். கையில் அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து உமியை ஊதி, அரிசியைப் பார்த்து, ஒன்றைப் பல்லில் கடித்து விலை சொல்வார். பஸ்ஸிலும் பைக்கின் பின்னாலும் கொட்டகை கொட்டகையாகப் போய்வருவார். அந்த மாதம் அவருக்கு மூட்டுவலி. நான்தான் சொன்னேன்: “ஐயா, நீங்க ஏன் அலையணும்? இங்க உக்காந்தே பாத்துடலாம்.”

அந்த பிப்ரவரி முதல் வாரத்தை டெல்டாவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சம்பா அறுப்பு நடக்கும்போதே மழை கொட்டியது. சாய்ந்த பயிர், நனைந்த குவியல். சர்க்கார் கொள்முதலில் ஈரப்பதம் 17 சதவீதம்தான் வழக்கமான எல்லை, அதனால் ஒதுக்கப்பட்ட நெல் எல்லாம் தனியார் பக்கம் திரும்பியது. தோப்புத்துறைக் கொட்டகைக்கு நூற்றுப்பத்து மூட்டை வந்தது, அறுபது கிலோ மூட்டை. இரண்டு நாள் ரோட்டில் காயப்போட்டிருந்தார்கள், ஈரப்பத மீட்டர் சரியாகத்தான் காட்டியது. அக்கா போனைப் பிடித்துக் குவியலைச் சுற்றிக் காட்டினார். ஆபீசில் பெரிய டிவியில் போட்டுவிட்டேன். ஐயா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு தம்பி. பொன்னு மாதிரி.” விலை பேசி முடித்தோம்.

ஆலையில் கொட்டியபோது பாதி கறுப்பு. நுனி கறுத்தது, உள்ளே பழுப்பேறியது, சிலதில் முளை வெடித்து உதிர்ந்த வடு. மூட்டைக்கு முந்நூறு ரூபாய்க்கு மேல் அடி.

ஐயா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜிட்சி ஒரே படத்தை மூன்று அளவில் அனுப்பும்: உயரத்தில் 720 புள்ளி, 360, 180. அனுப்புகிற பக்கம் இணைப்பு மெலிந்தால் பெரிய இரண்டையும் நிறுத்திவிட்டுச் சின்னதை மட்டும் விடும். மழைநாளில் தோப்புத்துறையிலிருந்து எது வந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. 180 என்றால் அகலம் 320 புள்ளி. ஒரு மீட்டர் அகலக் குவியலைக் காட்டினால் எட்டு மில்லிமீட்டர் நெல்லுக்கு நீளவாக்கில் மூன்று புள்ளிகூடக் கிடைக்காது. அகலத்தில் ஒன்றுகூட இல்லை. போதாததற்கு இந்த வீடியோ முறைகள் வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் சேமிக்கும், நிறத்தை நான்கு புள்ளிக்கு ஒன்றாகத்தான் சேமிக்கும். கறுத்த நுனி பக்கத்து நெல்லின் மஞ்சளில் கரைந்துவிடும். குவியல் முழுக்க ஒரே பொன். படம் உறைந்து நின்றிருந்தால், கட்டம் கட்டமாக உடைந்திருந்தால் நாங்கள் சந்தேகப்பட்டிருப்போம். அது தடங்கல் இல்லாமல் ஓடியதுதான் எங்களை ஏமாற்றியது. இந்த மென்பொருள்கள் எல்லாம் பேச்சு அறுந்துபோகக் கூடாது என்று மனிதர்களின் முகத்துக்காகச் செய்யப்பட்டவை. முகத்தில் கொஞ்சம் குறைந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

இதுவரைக்கும் என்றால் தொழில்நுட்பத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன். ஆனால் அந்த வீடியோ நடுவில் அக்கா ஒன்று சொன்னார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “லேசா வாடை அடிக்குதுங்கய்யா” என்றார். தெளிவாகக் கேட்டது, குரலில் ஒரு இரைச்சல்கூட இல்லை. ஓபஸ் என்கிற அந்தக் குரல் முறை மிகக் குறைந்த இணைப்பிலும் பேச்சைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். நெல் புழுங்கிக் கறுக்கும்போது வருகிற அந்த வாடையை ஐயாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அக்காவுக்குச் சொன்ன பதில்: “கேமராவக் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோங்கக்கா.”

மூன்று தனித்தனி

எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர வேண்டும், ஒரே செயலி, ஒரே கடவுச்சொல் என்பதுதான் என் எக்செல்லின் முதல் வரிசை. அதை விட்டேன். பேச்சுக்கு மம்பிள் வைத்தேன். கம்ப்யூட்டர் விளையாட்டு ஆடுகிற பையன்கள் 2005 வாக்கிலிருந்து உபயோகிக்கிற பழைய குரல் மென்பொருள். சர்வரில் அது இருப்பதே தெரியாது, அவ்வளவு சின்னது. ஆளுக்கொரு பட்டன், அழுத்திக்கொண்டு பேசவேண்டும், விட்டால் கேட்கவேண்டும். போலீஸ் வாக்கிடாக்கி மாதிரி. கணக்குப்பிள்ளை ஐயா யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ‘ஓவர்’ என்கிறார். பேட்டரி கொஞ்சம் கூடத்தான் தின்னும், கொட்டகையில் சார்ஜர் இருக்கிறது.

நெல்லுக்கு எலிமென்ட்டில் நிழற்படம் மட்டும். வெள்ளைத் தாளில் ஒரு பிடி பரப்பி, வெயிலில் இல்லாமல் நிழலில், பக்கத்தில் உமி நீக்கிய அரிசி பத்து, மீட்டரின் எண் தெரியும்படி. இணைப்பு மோசமானால் படம் வர ஐந்து நிமிடம் ஆகும், ஆனால் வரும்போது முழுதாக வரும். எழுதப் பிடிக்காதவர்கள் குரல் செய்தி அனுப்புகிறார்கள், அதாவது ஏறக்குறைய எல்லாரும். ஜிட்சியை எடுக்கவில்லை. திருச்சி ஆடிட்டரோடு பேச உதவுகிறது, முதலாளியின் திங்கட்கிழமையும் நடக்கிறது. ஒருநாள் விடிகாலை, இது எங்கள் சர்வர்தான் என்று போன்களுக்கு உறுதி சொல்லும் சான்றிதழ் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகி மூன்றும் ஒரே நேரத்தில் செத்தன. தொண்ணூறு நாள் முடிவதற்குள் தானாகப் புதுப்பித்துக்கொண்டிருக்க வேண்டியது, நான் ஃபயர்வாலில் ஒரு கதவைச் சாத்திவைத்திருந்தேன். அன்றைக்கு எல்லாரும் வாட்ஸ்அப்பில்தான் என்னைத் திட்டினார்கள்.

“கஜா மாதிரி ஒண்ணு வந்தா இது பேசுமா?” என்று முத்துப்பேட்டையில் ஒருவர் கேட்டார். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் டவர்கள் சாய்ந்து, அதற்கப்புறம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர்க்காரர், கேட்கத்தான் செய்வார். பேசாது என்று சொன்னேன். அவருக்கு என் மேல் அதற்குப் பிறகுதான் கொஞ்சம் மரியாதை வந்த மாதிரி இருந்தது.

இந்தத் தை மாதம் ஐயாவுக்கு மூட்டுவலி மறுபடியும் வந்துவிட்டது. மம்பிளில் தோப்புத்துறை அக்காவைக் கூப்பிட்டு, வாடை அடிக்கிறதா என்று முதலில் கேட்டார். இல்லை என்றார் அக்கா. “ஒரு நெல்ல எடுத்து போன்கிட்ட வெச்சுக் கடி” என்றார் ஐயா. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். முதல் தடவை ஒன்றும் கேட்கவில்லை. இரைச்சல் குறைக்கும் வசதி அந்தச் சின்னச் சத்தத்தையும் இரைச்சல் என்று நினைத்து விழுங்கியிருக்கலாம் என்று தோன்றியது, அக்காவிடம் சொல்லி அதை அணைக்கவைத்தேன். இரண்டாவது தடவை ‘டக்’ என்று கேட்டது.

“பதினாறுதான் இருக்கும்” என்றார் ஐயா.

படத்தைத் திறந்து பார்த்தேன். மீட்டரில் 17.8. சொன்னேன்.

“மீட்டர வெயில்ல வெச்சிருப்பா. நகத்தி வெச்சுத் திரும்ப எடுக்கச் சொல்லு தம்பி.”

பட்டனை அழுத்தினேன்.